ஊஞ்சல், சறுக்கு, தொங்கு கம்பி: விழுந்த பிள்ளையைப் பற்றி மதுரைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முழு ஆண்டு விடுமுறை விட்டுச் சில வாரங்கள் ஆனால் போதும், எங்கள் கூடத்துக்குச் சின்னச் சின்ன முழங்கைகள் வரத் தொடங்கிவிடும். நான் பிசியோதெரபிஸ்ட். மாவுக்கட்டைப் பிரித்த பிறகு வரும் பிள்ளைகளைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். கூட வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு வாயால் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். எலும்பு மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் பார்ப்பதற்கு இது மாற்று அல்ல.

என் பிள்ளை மட்டும் ஏன் இப்படி விழுகிறான்? சேட்டை அதிகமா?

எல்லாப் பிள்ளைகளும் விழுகிறார்கள். ஏறுவதும் தொங்குவதும் குதிப்பதும் அந்த வயதின் வேலை. விழாத பிள்ளை ஏறாத பிள்ளையாகத்தான் இருக்கும். ஒருவன் சிராய்ப்போடு எழுந்து ஓடுகிறான், இன்னொருவன் முழங்கை முறிந்து கிடக்கிறான் என்றால், வித்தியாசம் பெரும்பாலும் இரண்டில்தான் இருக்கிறது. ஒன்று, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான். மற்றொன்று, எதன்மேல் விழுந்தான். ஐந்து அடிக்கு மேல் போனால் முறிவுக்கான வாய்ப்பு மளமளவென ஏறுகிறது. பிள்ளையைத் திட்டும் நேரத்தில் குனிந்து தரையைப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது.

எந்தச் சாதனத்தில் அதிகம் அடிபடுகிறது?

எலும்பு முறிவு என்று பார்த்தால் தொங்கு கம்பிதான் முதல் குற்றவாளி. இரண்டு ஏணிகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் கம்பிகள் போட்டிருப்பார்களே, பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பிடித்துத் தாவிப் போவார்கள், அது. வியர்த்த கை நழுவும்போது பிள்ளை இயல்பாகவே கையை முன்னால் நீட்டி ஊன்றும். உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டிலோ முழங்கையிலோ இறங்கும். ஊஞ்சலில் விழுவதோடு இன்னொரு ஆபத்தும் உண்டு: விழுந்தவன் எழுவதற்குள் பலகை திரும்பி வந்து தலையில் அடிப்பது. இரும்புப் பலகையோ மரப் பலகையோ போட்ட ஊஞ்சலில் இது சின்ன அடியாக இருக்காது. சீசாவில் ஒரு பக்கம் இருப்பவன் திடீரென இறங்கிவிட, மற்றவன் தண்டுவடம் அதிர உட்காருவதையும் பார்த்திருக்கிறேன்.

மண் தரைதானே, புல் தரைதானே? அது போதாதா?

போதாது. திருமங்கலம், பேரையூர் பக்கம் கரிசல் மண். மழையில் களி, வெயிலில் பாளம் பாளமாக வெடித்து இறுகிப்போகும். சித்திரை மாதத்தில் அதன்மேல் விழுவதற்கும் சிமெண்டில் விழுவதற்கும் பிள்ளையின் எலும்புக்கு வித்தியாசம் தெரியாது. மேலூர் பக்கத்துச் செம்மண்ணும் நாலு பிள்ளைகள் நாலு மாதம் மிதித்தால் கெட்டித்துவிடும். புல் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். அதற்குக் கீழே இருப்பது அதே இறுகிய மண். அமெரிக்க அரசின் விளையாட்டுத்திடல் பாதுகாப்புக் கையேடு புல்லையும் வெறும் மண்ணையும் பாதுகாப்பான தரையாகச் சேர்ப்பதே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது இப்போது எங்கே பார்த்தாலும் பதிக்கும் பேவர் பிளாக் கல். பூங்கா சுத்தமாக இருக்க வேண்டும், மழையில் சேறாகக் கூடாது என்று நடைபாதைக்குப் போடும் கல்லைச் சறுக்கின் அடிவரைக்கும் கொண்டுபோய்ப் பதித்துவிடுகிறார்கள். திறப்பு விழாப் புகைப்படத்துக்கு அழகாக இருக்கும். சறுக்கின் மேடை ஆறடி என்றால், ஆறடி உயரத்திலிருந்து கருங்கல்லில் விழச் சொல்வதற்குச் சமம்.

எளிதில் கிடைப்பதில் நல்ல தரை மணல்தான். ஆனால் மேலே தூவிய மணல் அல்ல. அதே கையேட்டின் கணக்குப்படி 9 அங்குல ஆழத்துக்கு மணல் இருந்தால், அது நாலடி உயரத்திலிருந்து விழுவதைத்தான் தாங்கும். மிதிபட்டு அமுங்கும் என்பதால் போடும்போதே ஓர் அடி போட வேண்டும். சாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆறடி வரை இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம். கனடாவின் டொரான்டோ நகரப் பள்ளிகளில் மணல் தரையையும் மரச்சீவல் தரையையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு ஒன்று 2009-இல் வெளியானது. மரச்சீவலில் விழுந்தவர்களிடம் கை முறிவு, மணலில் விழுந்தவர்களைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. மண்டைக்கு இரண்டும் பாதுகாப்புத்தான். கைக்கு மணல் கூடுதல் தயவு காட்டுகிறது.

வைகை மணலுக்கு இன்றைக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எந்த மணலாக இருந்தாலும் தூசி கலக்காததாக இருக்க வேண்டும். தூசி கலந்த எம்-சாண்ட் ஒரு மழை பெய்து காய்ந்தால் தளம் போட்டதுபோல் இறுகிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு பிடியை நனைத்துக் காயவைத்துப் பாருங்கள். உதிர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம், கட்டியாக நின்றால் அது கட்டடத்துக்கு.

எங்கள் அடுக்குமாடியில் பச்சைச் செயற்கைப் புல் விரித்திருக்கிறார்களே?

விரலால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கனமான அதிர்வுதாங்கும் பஞ்சு அடுக்கு இல்லாமல் சிமெண்ட் தெரிந்தால் அது வெறும் கம்பளம். உணவகங்களின் விளையாட்டு மூலையிலும் இதே கதைதான். ரப்பர் தரை நல்லது, ஆனால் தடிமன் வேண்டும். மதுரை வெயிலில் நண்பகலில் வெறும் காலோடு அதில் நிற்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரும்புச் சறுக்கு அதைவிடச் சுடும். புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாத இடத்தில் பிள்ளையின் தொடை படக் கூடாது.

பூங்காவுக்குப் போனதும் நான் எதைப் பார்க்க வேண்டும்?

ஊஞ்சலுக்குக் கீழே போய் நில்லுங்கள். பிள்ளைகள் காலால் உந்தி உந்தி அங்கே எப்போதும் ஒரு குழி விழுந்திருக்கும். மணல் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் வெறும் தரை பளபளக்கும். துல்லியமாகப் பிள்ளை விழும் இடத்தில்தான் மணல் இருக்காது. குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் காலாலேயே மணலை இழுத்துக் குழியை நிரப்புங்கள், இரண்டு நிமிட வேலை. பிறகு கம்பத்தின் அடியைப் பாருங்கள். அடித்தளக் கான்கிரீட் மண்ணுக்கு மேலே தலைகாட்டினால் அது முனை மழுங்காத கல். தலையை நிமிர்த்திச் சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கியைப் பாருங்கள். தேய்ந்து மெலிந்திருக்கிறதா, வாய் பிளந்திருக்கிறதா? பிளந்திருந்தால் அன்றைக்கு அந்த ஊஞ்சல் வேண்டாம்.

கம்பிகளுக்கு இடையிலான இடைவெளியும் முக்கியம். சுமார் 9 செ.மீ. முதல் 23 செ.மீ. வரை உள்ள சந்தில் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

கழுத்தில் எதுவும் இருக்கக் கூடாது. துப்பட்டா, கழுத்துக் கயிறு, பள்ளி அடையாள அட்டையின் நாடா, சைக்கிள் ஹெல்மெட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். சறுக்கின் மேல்முனையில் துணி மாட்டிக்கொண்டு உடம்பு மட்டும் இறங்கினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க விரும்பவில்லை.

பல பூங்காக்களில் பெரியவர்களுக்கான உடற்பயிற்சிக் கருவிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவை பிள்ளைகளுக்கு அல்ல. ஆடும் மிதிகட்டைகளின் மூட்டில் விரல் நசுங்கி வந்த பிள்ளைகள் உண்டு.

சின்னப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்கலாமா?

வேண்டாம். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான் இங்கே காலை முறிக்கிறது. தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் உரசினால் அது அப்படியே நின்றுவிடும். அப்பாவின் மடியில் இருக்கும்போது கால் மாட்டினால், அப்பாவின் எடையும் வேகமும் சேர்ந்து அந்தக் காலை முறுக்கிவிடும். அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை ஆறு வயதுக்கு உட்பட்டவர்களின் சறுக்குக் காயங்களைக் கணக்கிட்டபோது 3,52,000-க்கும் அதிகமான பிள்ளைகள் என மதிப்பிட்டார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்பு முறிவு, அதுவும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே.

இந்த முறிவில் வீக்கம்கூடச் சரியாகத் தெரியாது. குழந்தை காலை ஊன்ற மறுக்கும், தூக்கிக்கொள்ளச் சொல்லி அழும். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் பத்து நாள் கழித்து எடுத்ததில் தெரிவதும் உண்டு. ஆகவே ‘எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, பயத்தில் நடக்க மாட்டேன் என்கிறாள்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எந்த வயதில் எதில் ஏற்றலாம்?

தானாக ஏற முடியாததில் தூக்கி ஏற்றாதீர்கள். இந்த ஒரு விதி பெரும்பாலானவற்றுக்குப் போதும். தொங்கு கம்பி நாலு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஐந்து வயது வரை கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். செல்பேசியைப் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது உடனிருப்பதாகாது.

விழுந்தவுடன் என்ன செய்வது?

ஓடிப்போய் வெடுக்கென்று தூக்காதீர்கள். கழுத்து வலிக்கிறது என்றாலோ, கால் கை மரத்துப்போகிறது என்றாலோ, மயங்கியிருந்தாலோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். அப்படி எதுவும் இல்லை, கைதான் வலிக்கிறது என்றால் கையை அது இருக்கும் கோணத்திலேயே வையுங்கள். மடித்த செய்தித்தாளோ அட்டையோ அடியில் கொடுத்து, துண்டால் கழுத்தோடு தொட்டில் கட்டுங்கள். மடங்கிய முழங்கையை நீட்டிப் பார்க்கக் கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். சுடுநீர் ஒத்தடம் முதல் நாளில் வீக்கத்தைக் கூட்டும். வளையல், மோதிரம், கைக்கயிறு ஆகியவற்றை வீக்கம் ஏறும் முன் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் கட்டாயம் சொல்ல வேண்டியது: கை கோணியிருந்தால் மருத்துவமனைக்குப் போகும் வழியில் எதுவும் ஊட்டாதீர்கள். அழுகிறானே என்று பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். மயக்க மருந்து கொடுத்து எலும்பைச் சேர்க்க வேண்டியிருந்தால், அந்த பிஸ்கட்டுக்காகவே ஆறு மணி நேரம் காத்திருக்க நேரிடும்.

சுளுக்காக இருக்குமோ? எண்ணெய் போட்டு நீவிவிடலாமா?

பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு விழுந்தபின் முழங்கை வீங்கியிருந்தால், எக்ஸ்ரே எடுக்கும்வரை அதை முறிவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முதல் ஏழு வயது வரை முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு மெல்லிய தகடுபோல் இருக்கும். நீட்டிய கையை ஊன்றி விழும்போது அது அங்கேதான் முறிகிறது. அந்த இடத்தை ஒட்டியே கைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாயும் நரம்புகளும் ஓடுகின்றன. முறிந்த முனை அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போது உருவுவதும் நீவுவதும் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆறு வயதுப் பெண் ஒருத்தியை அவளுடைய அப்பத்தா அழைத்து வந்திருந்தார். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். தொங்கு கம்பியிலிருந்து விழுந்திருக்கிறாள். மூன்று நாள் காலையும் மாலையும் எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார்கள். ‘லேசாகத்தான் நீவினோம்’ என்றார் அப்பத்தா. முழங்கையின் முன்பக்கத்தைத் தொட்டேன். தசை இருக்க வேண்டிய இடத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்குக் கெட்டியாக ஒன்று கையில் பட்டது. காயம்பட்ட தசையைத் திரும்பத் திரும்பக் கசக்கினால் உடம்பு அங்கே எலும்பையே வளர்த்துவிடுகிறது. அந்தக் கை பாதி வரைதான் மடங்கியது. சோற்றுக் கவளத்தை வாய்க்குக் கொண்டுபோக, அவள் கையை விட்டுவிட்டுத் தலையைத்தான் குனிந்தாள்.

நாட்டுக் கட்டு போடலாமா? புத்தூர் கட்டில் எத்தனையோ பேருக்குச் சரியாகியிருக்கிறதே?

சரியாகியிருக்கிறது. பிள்ளைகளின் எலும்பு பலவகை முறிவுகளில் எந்தக் கட்டிலும் சேர்ந்துவிடும், கட்டே இல்லாமலும் சேர முயலும். அந்தப் புகழ் அப்படி வந்தது. சிக்கல் முழங்கையில்தான். வீங்கிக்கொண்டிருக்கும் கையை மூங்கில் பத்தை வைத்து இறுக்கிவிட்டால் உள்ளே இரத்த ஓட்டம் நின்றுபோகும். சில மணி நேரத்தில் முன்கைத் தசை செத்துவிடும். பிறகு விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு நின்றுவிடுகின்றன; அதை நானோ அறுவைச் சிகிச்சையோ முழுமையாகத் திருப்பித் தர முடியாது.

மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அன்றிரவு விரல்நுனிகளைப் பாருங்கள். வெளுத்தோ நீலமாகவோ இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா, விரலை நீங்கள் மெல்ல நீட்டினால் பிள்ளை அலறுகிறதா, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் திரும்பிப் போங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். வட்டம் வராமல் விரல்கள் தட்டையாக ஒட்டினால் நரம்பு அடிபட்டிருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டால் தூங்க விடக் கூடாதா? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

அழுது ஓய்ந்த பிள்ளை தூங்குவது இயல்பு, தூங்கலாம். இடையிடையே எழுப்பினால் கண் திறந்து பெயர் சொல்லிச் சிணுங்க வேண்டும். எழுப்ப முடியவில்லை, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, விழுந்ததும் சில விநாடி நினைவிழப்பு, காதிலோ மூக்கிலோ இரத்தம் அல்லது தெளிந்த நீர், உளறல், ஒரு கண்மணி பெரிதாக இருப்பது, நடை தள்ளாடுவது என்றால் உடனே மருத்துவமனை. அறிகுறி இல்லாவிட்டாலும், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை மூன்றடிக்கு மேலிருந்து விழுந்திருந்தாலும், பெரிய பிள்ளை ஐந்தடிக்கு மேலிருந்து விழுந்திருந்தாலும் காட்டிவிடுங்கள். எல்லோருக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டியதில்லை. சில மணி நேரம் உடன் வைத்துக் கவனிப்பதே போதும் என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியம் அல்ல. தேவையில்லாத கதிர்வீச்சைத் தவிர்க்கிறார். புடைப்பை அழுத்தித் தேய்த்து அமுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பல் விழுந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போக வேண்டுமா?

பால்பல் என்றால் திரும்பப் பொருத்த மாட்டார்கள். முளைத்துவிட்ட நிலையான பல் என்றால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, மண்ணைத் தேய்க்காமல் கழுவி, ஒரு தம்ளர் பாலில் போட்டுப் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். அரை மணி நேரத்துக்குள் போனால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கட்டுப் பிரித்த பிறகு கை நீட்ட வரவில்லையே? வாளி தூக்க வைக்கச் சொல்கிறார்கள்.

வாளியும் வேண்டாம், மணல் மூட்டையும் வேண்டாம். மூன்று நான்கு வாரம் கட்டில் இருந்த முழங்கை விறைத்திருப்பது இயல்பு. பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் விளையாட்டிலேயே தானாக இளகிவிடும், சில மாதங்கள் ஆகும். வலுக்கட்டாயமாக நீட்டினால் தசை எதிர்த்து இன்னும் இறுகும். என் வேலையைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன்: பல பிள்ளைகளுக்கு நான் தேவையே இல்லை. பந்து எறியட்டும், தலை வாரிக்கொள்ளட்டும், அந்தக் கையால் சாப்பிடட்டும். இரண்டு மூன்று மாதத்திலும் அசைவு கூடவில்லை என்றால் வாருங்கள்.

எலும்பின் வளர்ச்சி நின்றுவிடுமா?

எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டில் அடிபட்டால் சிலருக்கு வளர்ச்சி கோணலாம். அதனால்தான் வலி தீர்ந்த பிறகும் மறுபரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அதைத் தவறவிடாதீர்கள்.

பூங்காவே வேண்டாம், வீட்டில் சேலை ஊஞ்சல் கட்டிவிட்டேன். அது பாதுகாப்பானதுதானே?

கைக்குழந்தைக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, தூளி சரி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அதில் உட்கார்ந்து முறுக்கிச் சுற்றி விளையாடுவது வேறு. முறுக்கும்போது சேலை கழுத்தைச் சுற்றி இறுகிப் பிள்ளைகள் இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகின்றன. பயன்படுத்தாதபோது அவிழ்த்துவிடுங்கள்.

அரசு மருத்துவமனையில் இரவில் பார்ப்பார்களா? ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேருமா?

அரசு ராஜாஜி மருத்துவமனையின் விபத்துப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. எப்படி விழுந்தான், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம், கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்ற நான்கையும் தெளிவாகச் சொல்லுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் இந்த அரசுத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும். ஊஞ்சலிலிருந்து விழுந்ததை அதில் கேட்க முடியாது.

சாதனம் உடைந்திருந்தால், தரை மோசமாக இருந்தால் யாரிடம் சொல்வது?

மாநகராட்சிப் பூங்கா என்றால் வார்டு கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்யலாம். ஊராட்சிப் பூங்கா என்றால் கிராம சபையில் எழுப்புங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும். ‘பூங்கா சரியில்லை’ என்று பொதுவாக எழுதினால் பெயின்ட் அடித்துவிட்டுப் போவார்கள். ‘சறுக்கின் கீழே உள்ள பேவர் பிளாக் கல்லை எடுத்துவிட்டு, சுற்றிலும் ஆறடிக்கு, ஓர் அடி ஆழத்துக்குத் தூசியில்லாத மணல் நிரப்ப வேண்டும், சுற்றித் தடுப்புக் கட்ட வேண்டும்’ என்று அளவோடு எழுதுங்கள். கூடவே அந்தக் கல்லின்மேல் ஓர் அளவுகோலை நிறுத்திவைத்துச் சறுக்கின் மேடை வரை தெரியும்படி ஒரு புகைப்படம் இணையுங்கள்.